பத்து மீட்டர் நடை

ஜூலை 2, செவ்வாய்

வட்டார வள மையத்தில் எங்கள் எல்லோருக்கும் பயணக் குறிப்பேடு தந்திருக்கிறார்கள். எந்தப் பள்ளிக்குப் போனோம், எந்த மாணவருக்கு என்ன சிகிச்சை அளித்தோம் என்று எழுதி மாதக் கடைசியில் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருக்கிறது. இது வேறு நோட்டு.

நான் பிசியோதெரபிஸ்ட். தமிழில் இயன்முறை மருத்துவர். ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகப் பணி. தற்காலிகம் என்பதில் இவ்வளவு உறுதியாக இருப்பவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. வாரம் ஐந்து நாள், நாளுக்கொரு பள்ளி. செவ்வாய்க்கிழமை மேலக்கருவேலங்குளம் அரசு மேல்நிலைப் பள்ளி. பஸ்ஸில் சிகிச்சைப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு போனால் கண்டக்டர் தவறாமல் கேட்பார்: "என்ன டீச்சர், பூசணிக்கா நல்லா வெளஞ்சிருக்கு?"

பள்ளியில் எனக்கொரு அறை உண்டு. கதவில் 'சிகிச்சை அறை' என்று எழுதியிருக்கிறது. உள்ளே பதினொன்றாம் வகுப்புக்கு வழங்க வேண்டிய விலையில்லா மிதிவண்டிகள். நடக்க முடியாத பிள்ளைகளின் அறையில் அத்தனை சைக்கிள்கள் நிற்பதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு பையை மாட்ட ஒரு ஹேண்டில்பார் கிடைத்ததே என்று ஆகிவிட்டது.

சைக்கிள்களுக்கு நடுவே நடைப்பயிற்சிக் கம்பிகள் இரண்டு இணையாக நிற்கின்றன. நன்கொடையாளர் குடும்பத்தின் பெயர்ப்பலகை கம்பிகளைவிட உறுதியாகப் பொருத்தப்பட்டுள்ளது.

இங்கே என் முக்கிய மாணவி பிரம்மசக்தி, ஒன்பதாம் வகுப்பு. பிறவியிலேயே மூளை வாதம். கால்கள் இரண்டும் விறைப்பு. இடது கை மடங்கியே இருக்கும், வலது கை நன்றாக வேலை செய்யும். பேச்சு மெதுவாக வரும். அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கேட்பவர்கள் ஆளுக்கொரு முடிவைச் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன்னுடையதைச் சொல்வாள். அது வேறாக இருக்கும்.

துறையின் கைபேசிச் செயலியில் அவளுக்கு ஆண்டு இலக்கு பதிய வேண்டும். அதில் தேர்ந்தெடுக்கக் கூடியவை மூன்றே: நடக்கிறார், துணையுடன் நடக்கிறார், நடக்கவில்லை. சென்ற ஆண்டு மூன்றாவதைப் பதிந்ததற்கு விளக்கம் கேட்டார்கள். இந்த ஆண்டு 'துணையுடன் நடக்கிறார், பத்து மீட்டர்' என்று பதிந்தேன். பத்து என்பது பார்க்க நன்றாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

இடுப்பு வலி. மற்றவர்களுக்குச் சொல்லும் பயிற்சிகளை எனக்கும் சொல்லிக்கொண்டேன். நான் கேட்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

பிரம்மசக்திக்கு மறுபடி காய்ச்சல் வந்து போயிருக்கிறது. சிறுநீர்த் தொற்று என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்களாம். "நிறையத் தண்ணி குடிக்கணும்மா" என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். மிகுந்த மரியாதையுடன் தலையாட்டினாள்.

அவள் அம்மா உலகம்மாள் காலையில் மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார். சாயங்கால மணி அடிக்கும்வரை வராந்தாவிலேயே இருக்கிறார். சும்மா இருப்பதில்லை. மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். பீடி சுற்றிக்கொண்டிருப்பார். தலைக்கு மேல் பலகை: 'இது புகையிலை இல்லா வளாகம்'. தலைமையாசிரியர் தங்கப்பழம் அந்தப் பக்கம் வரும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். நல்ல மனிதர். பார்க்காமல் இருப்பதையே ஒரு நிர்வாக முறையாக வளர்த்திருக்கிறார்.

ஜூலை 30, செவ்வாய்

கம்பிகளுக்கு நடுவே பிரம்மசக்தி நான்கு அடி வைத்தாள். ஐந்தாவதில் கால்கள் கத்தரி போலப் பின்னிக்கொண்டன. உட்காரவைத்து, தசைகளை நீவிவிட்டேன். புராணங்களில் ஒற்றைக் காலில் நின்றவர்களுக்கு வரம் கொடுத்தார்கள். இவள் இரண்டு காலிலும் நிற்கிறாள். நாங்கள் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றுகிறோம்.

"வீட்ல பயிற்சி செஞ்சியா?"

"இல்ல டீச்சர்."

"ஏன்?"

"நீங்க... செஞ்சியளா?"

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மதுரைத் தனியார் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. எலும்பு முறிவுப் பிரிவில் வேலைக்கு இடம் இருக்கிறதாம். ஏசி அறை, உயரத்தை மாற்றக்கூடிய கட்டில். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். கட்டிலைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இந்தப் பள்ளியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். கதவில் சக்கர நாற்காலிப் படமும் பதித்த பூட்டும், முன்னால் சாய்தளம், உள்ளே கைப்பிடி, மேற்கத்தியக் கோப்பை. சென்ற ஆண்டு கட்டினார்கள். எப்போதும் பூட்டியிருக்கும். உள்ளே போனதில்லை, வெளியே நின்று பார்த்ததுண்டு. நன்றாகப் பூட்டியிருந்தது.

இன்று அது திறந்தது. தங்கப்பழம் சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஆபீசர்ஸ் விசிட்டுக்காக மெயின்டெய்ன் பண்ணுதோம், டாக்டர். தெறந்து விட்டா பிள்ளையள் நாசம் பண்ணிரும்."

அவர் வழக்கமாக என்னை 'பிசியோ டீச்சர்' என்பார். ஏதாவது தேவைப்படும்போது மட்டும் டாக்டர் பட்டம் தருவார். இன்று தேவைப்பட்டது என் மௌனம்.

சாய்தளத்தில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, வலது காலை முதலில் வைத்து, இடது முட்டியை மடக்காமல் இழுத்துக்கொண்டு போனார். குந்தி உட்கார முடியாத முட்டி. இரண்டு வருடமாவது இருக்கும். ஆக, அந்தக் கழிப்பறையை உரியவர் ஒருவர்தான் பயன்படுத்திவருகிறார். விதிமீறல் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பிரம்மசக்திக்கு நான் கால் நீவிக்கொண்டிருந்தபோது உலகம்மாள் உள்ளே வந்தார். வழக்கமாக வரமாட்டார். சைக்கிள் ஒன்றின் சீட்டைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு நின்றார். பிரம்மசக்தியை வகுப்புக்கு அனுப்பிய பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"டீச்சர், எனக்கு கர்ப்பப்ப எறங்கிருக்காம். ஆஸ்பத்திரில டிசம்பர்ல ஆப்பரேஷன் வச்சிருக்காவ. பொறவு வெயிட்டே தூக்கப்படாதாம். கொடம் கூட."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"அவ அப்பா சொல்லிட்டாவ. அரப்பரீட்சையோட போதும், பிள்ளைய நிப்பாட்டிருவோம்னு. நான் இல்லன்னா இவள ஆரு ஒண்ணுக்குத் தூக்கிட்டுப் போறது? அதுக்குத்தான டீச்சர் நான் நாள் பூரா இங்கன கெடக்கேன். பீடி வீட்லயும் சுத்தலாம்லா."

பிள்ளைகளின் சாதாரணக் கழிப்பறை மைதானத்தைத் தாண்டி இருக்கிறது. குந்தி உட்காருவது. மகளைத் தூக்கிப்போய், அக்குளில் கை கொடுத்து, அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஆறாம் வகுப்பிலிருந்து. மகளின் எடை எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேற்றுகிறேன்.

"அவ நல்லாப் படிப்பா, டீச்சர்" என்றார். அது தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு செய்தி என்பதுபோலச் சொன்னார்.

பயணக் குறிப்பேட்டில் எழுதியது: 'பெற்றோருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது.'

செப்டம்பர் 3, செவ்வாய்

எங்கள் படிவங்களில் இல்லாத ஒரு கேள்வியை இன்று பிரம்மசக்தியிடம் கேட்டேன்.

"உனக்கு என்ன செய்ய முடிஞ்சா நல்லாருக்கும்?"

"கேட்டா... செய்வியளா?"

"பாக்கலாம்."

"எச்செம் சாரும்... பாக்கலாம்னுதான் சொல்லுவாவ."

"சரி, செய்றேன். சொல்லு."

"தண்ணி குடிக்கணும்."

என் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், மந்தமான பிள்ளைக்கு நேரம் கொடுக்கும் ஆசிரியை போல. எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. காலையில் அரை டம்ளர் காப்பி, பிறகு வீட்டுக்குப் போகும்வரை ஒன்றும் குடிப்பதில்லை. அம்மாவைத் தூக்கவைக்கக் கூடாதென்று. சத்துணவை மென்றே விழுங்குகிறாள். அந்தக் காய்ச்சல்களின் காரணம் இது. நான் ஜூலையில் கொடுத்த அருமையான அறிவுரையும் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சாவி கேட்டேன். டிசம்பர் மூன்றாம் தேதி மாற்றுத்திறனாளிகள் தின விழா இந்த ஆண்டு இந்தப் பள்ளியில்தான் என்று வட்டார மேற்பார்வையாளர் குமரகுரு சொல்லியிருக்கிறாராம். சென்னையிலிருந்தே உயரதிகாரி ஒருவர் விருந்தினராக வருகிறாராம். அதுவரை அந்தக் கழிப்பறையைப் புதிதாக வைத்திருக்க வேண்டுமாம்.

"மாற்றுத்திறனாளிகள் தினத்துக்காக அத மாற்றுத்திறனாளிகள் யூஸ் பண்ணாம வச்சிருக்கோமா, சார்?"

"நீங்க கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டிய, டீச்சர்" என்றார் நிம்மதியாக.

வெளியே வரும்போது திரும்பி, "சார், இடது முட்டிக்கு என்ன பண்றீங்க?" என்றேன்.

அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

தங்கப்பழம் சாரின் முட்டிக்குத் தொடைத்தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நிறுத்த வேண்டும். ஒழுங்காகச் செய்கிறார். என் நோயாளிகளில் வீட்டுப் பயிற்சியைத் தவறாமல் செய்பவர் இவர் ஒருவர்தான். சாவியைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

பிரம்மசக்தியோடு புதிய வேலையை ஆரம்பித்தோம். கோப்பையின் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் செங்கல் வைத்து உயர்த்தினேன். நடைப்பயிற்சிக் கம்பிதான் கைப்பிடி. சக்கர நாற்காலியைச் சாய்வாக நிறுத்த வேண்டும். பிரேக் போட வேண்டும். நுனிக்கு நகர வேண்டும். வலது கையால் கம்பியைப் பிடித்து எழுந்து, பாதத்தைத் திருப்பி, உட்கார வேண்டும். அப்படியே திரும்பி வர வேண்டும். நடக்கவே வேண்டாம்.

முதல் முறை என் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு இதை நீண்ட நாள் நினைவில் வைத்திருக்கும்.

"டீச்சர், இதுக்கு... செயலியில எடம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப... நல்ல வேலதான்" என்றாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலாண்டு விடுமுறை முடிந்தது. வீட்டில் கட்டில் கம்பியைப் பிடித்துப் பழகியிருக்கிறாள். அம்மா சொன்னார்: "ராத்திரி பூரா எந்திரிக்கதும் உக்காருததுமா இருக்கா, டீச்சர். அவ அப்பாவுக்கு ஒறக்கமே இல்ல. இது என்ன புதுசாத் தண்டாலுங்காவ."

அப்பாவை நான் பார்த்ததில்லை. கல் உடைக்கும் கிரஷரில் வேலை.

அக்டோபர் 15, செவ்வாய்

நன்று.

அக்டோபர் 22, செவ்வாய்

மதுரையிலிருந்து மறுபடி போன். பொங்கலுக்கு முன் சேர முடியுமா என்றார்கள். டிசம்பரில் ஒரு வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்றார்கள். சொன்னால் இடம் போய்விடும் என்பதால் சொல்லவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

குமரகுரு நேரில் வந்தார். விழா நிகழ்ச்சிநிரலில் பிரம்மசக்தியின் பெயரைக் காட்டினார். 'சிகிச்சையால் சாதனை: மாணவி பத்து மீட்டர் நடந்து சென்று விருந்தினரிடம் பூங்கொத்து வழங்குதல்.'

"சார், அந்தப் பிள்ளையால நாலஞ்சு அடிக்கு மேல முடியாது. வலிக்கும்."

"மேடம், நீங்கதானே இலக்கு பதிஞ்சிருக்கீங்க? பத்து மீட்டர்தானே. நான் என்ன ஒலிம்பிக்கா கேக்குறேன்?"

"அவளுக்கு இப்ப வேற பயிற்சி போயிட்டிருக்கு."

"என்ன பயிற்சி?"

சொன்னேன். நிகழ்ச்சிநிரலை மறுபடி பார்த்தார்.

"அத மேடையில காட்ட முடியாதே, மேடம்."

அவர் போன பிறகு பிரம்மசக்தி கேட்டாள்: "பத்து மீட்டர் தள்ளி... என்ன டீச்சர் இருக்கு?"

"மைக் இருக்கு."

"நான் பேசணுமா?"

"இல்ல. உன்னப் பத்தி அவங்க பேசுவாங்க."

நவம்பர் 5, செவ்வாய்

மழை. பள்ளி விடுமுறை. எனக்குத் தகவல் வரவில்லை. போய்விட்டுத் திரும்பினேன். பந்து நனைந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

தங்கப்பழம் சார் இன்று மாடிப்படியில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து ஏறினார். மேலே போய் நின்று சுற்றிலும் பார்த்தார், கொடி நட்டவர் போல. மதியம் என்னைக் கூப்பிட்டு, மேசைமேல் ஒரு சாவியை வைத்தார். புதிதாக அடித்த டூப்ளிகேட்.

"நான் தர மாட்டேன்னு ஒண்ணும் சொல்லலியே, டாக்டர்" என்றார். செப்டம்பரில் சொன்னதை நான் நினைவூட்டவில்லை. சாவியை எடுத்துக்கொண்டேன்.

இனி நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

சக்கர நாற்காலி கதவுக்குள் நுழைந்தது. கைப்பிடி சரியான பக்கம். உயரம் சரி. பிரம்மசக்தி பிரேக் போட்டாள், எழுந்தாள், திரும்பினாள், உட்கார்ந்தாள். சைக்கிள் அறையில் செய்ததைவிட நேர்த்தி. "நான் வெளியில நிக்கேன்" என்று கதவைச் சாத்திவிட்டு நின்றேன். வராந்தாவிலிருந்து உலகம்மாள் சுளகோடு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் எதிர்ச்சுவரை மிகக் கவனமாகப் பார்த்தோம்.

நேரம் போனது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"டீச்சர்."

"முடிஞ்சுதாம்மா?"

"தொடங்கவே இல்ல."

"ஏன்?"

"நாடா."

சுடிதார் பேண்ட்டின் நாடா முடிச்சு. வலது கை ஒன்றால் அவிழ்க்க வராது. அவிழ்த்தாலும் திரும்பக் கட்ட வராது. வீட்டில் எப்போதும் அம்மா அவிழ்த்துவிடுவார். இந்த வயதுப் பெண்பிள்ளையோடு இரண்டு மாதமாகக் கழிப்பறைக்குப் போகும் பயிற்சி அளித்திருக்கிறேன். கணுக்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்திருக்கிறேன். உடையைத் தளர்த்தாமல் யாரும் கழிப்பறைக்குப் போவதில்லை என்பது ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார அது தேவைப்படவில்லை.

உலகம்மாள் உள்ளே போய் அவிழ்த்துவிட்டார். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் கேட்டேன்:

"ஏட்டி, நீயாவது சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க... டாக்டருக்குப் படிச்சவிய. கடைசிப் பாடத்துல... வச்சிருப்பியன்னு நெனச்சேன்."

முதலில் அவள் சிரித்தாள். பிறகு அவள் அம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, சிரிக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிருக்காவ" என்று சொல்லிக்கொண்டே. கடைசியில் நான்.

நவம்பர் 13, புதன்

மேலக்கருவேலங்குளத்து விளையாட்டு ஆசிரியை ராஜபுஷ்பத்துக்குப் போன் செய்தேன். பேண்ட் விஷயத்தைச் சொன்னேன். "இதுக்குப் போயி நீங்க ரெண்டு மாசம் பயிற்சி குடுத்தியளாக்கும்" என்றார். கபடி அணிக்கு வாங்கியதில் எலாஸ்டிக் வைத்த டிராக் பேண்ட் இரண்டு மிச்சம் இருக்கிறதாம்.

நவம்பர் 19, செவ்வாய்

நீலத்தில் வெள்ளைக்கோடு போட்ட பேண்ட். மேலே பள்ளிச் சீருடையின் சட்டை. ராஜபுஷ்பம் டீச்சரே கொண்டுவந்து மடியில் போட்டு, "இனிமே நீ நம்ம டீம். தோத்தா உன்னையும் சேத்துத்தான் ஏசுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீருடை விதிக்கு இது மாறானது என்று தங்கப்பழம் சார் ஆரம்பித்தார். அவர் முட்டியைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

பிரம்மசக்தி உள்ளே போனாள். தாழ் போடும் சத்தம். பிறகு மற்றச் சத்தங்கள். பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவு திறந்தது. உலகம்மாள் எழுந்து வரவே இல்லை. வராந்தாவில் இருந்தபடியே பீடிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரே பீடிக்குச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து நாற்காலியில் கட்டினேன். பள்ளியில் அந்தச் சாவி இப்போது இரண்டு பேரிடம் இருக்கிறது.

"அப்பா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் செஞ்சா... போதுமாங்காவ. தெனமும்லா வரும்ங்காவ."

நியாயமான கேள்வி. எங்கள் துறையில் யாரும் இதுவரை கேட்டதில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

விழா ஒத்திகை. மேடையில் சுண்ணாம்பால் பத்து மீட்டர் கோடு போட்டிருக்கிறார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பிரம்மசக்தி நான்கு அடி வைத்து, கால் பின்னி, நின்றாள். உதடு வெளுத்துவிட்டது. குமரகுரு கைதட்டினார். "வெரி குட். அன்னைக்கு மியூசிக் போட்டா வந்துரும்."

முடியாது என்று மறுபடி சொன்னேன். என் ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்கப்பட வேண்டியது என்பதை அவர் அக்கறையோடு நினைவூட்டினார்.

இறங்கும்போது பிரம்மசக்தி கேட்டாள்: "நான் விழுந்தா... உங்க வேல போயிருமா, டீச்சர்?"

"போகாது."

"விழலேன்னா?"

நான் வாக்கரை மடக்கி வைத்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

விழா காலையில் என்று சொல்லியிருந்தார்கள். விருந்தினர் மதியம் வந்தார். அதுவரை பிள்ளைகள் ஷாமியானாவுக்குக் கீழே. பிரம்மசக்தி மேடையின் ஓரத்தில், டிராக் பேண்ட்டோடு, கையில் பூங்கொத்தோடு. வெயிலுக்கு எல்லோருக்கும் தண்ணீர் பாக்கெட் கொடுத்தார்கள். முன்பெல்லாம் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். இன்று கடித்துக் குடித்தாள். இன்னொன்று கேட்டு வாங்கினாள். அதையும் குடித்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எந்தக் காரணமும் இல்லை.

வரவேற்புரை, குத்துவிளக்கு, நடனம். துறையின் சாதனைகளைக் குமரகுரு வாசித்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். பூங்கொத்து நாற்காலி ஒன்றின்மேல் இருந்தது. பிரம்மசக்தி இல்லை. கபடி அணிப் பெண் ஒருத்தி சக்கர நாற்காலியைக் கழிப்பறைச் சாய்தளத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் போனேன். கதவு சாத்தியிருந்தது.

அப்போது தங்கப்பழம் சார் விருந்தினரை அழைத்துக்கொண்டு வந்தார். நீண்ட பயணம், சர்க்கரை வியாதி, மேடையிலும் இரண்டு இளநீர். விருந்தினரின் நடையில் அவசரம் இருந்தது. சார் ஒரு கையால் வழிகாட்டி, மறு கையால் சாவியை எடுத்தார். இந்தக் கணத்துக்காகத்தான் இந்த அறையை ஓராண்டு காத்து வைத்திருந்தார்.

"உங்களுக்குன்னே நீட்டா வச்சிருக்கோம் சார்."

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. தள்ளினார். திறக்கவில்லை. தட்டினார்.

உள்ளிருந்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது:

"ஆள்... இருக்கு."

தங்கப்பழம் சார் என்னைப் பார்த்தார். நான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். விருந்தினர் ஓரடி பின்வாங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வரிசையில் நிற்பவர் எப்படி நிற்பாரோ அப்படி.

"உள்ள டீச்சரா?" என்று என்னிடம் கேட்டார்.

"மாணவி சார்."

"கூட யாரும்..."

"யாரும் இல்ல சார். அவளே பாத்துக்குவா."

மைதானத்திலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. குமரகுருவின் குரல்: "இதோ, நமது சாதனை மாணவி பிரம்மசக்தி, இப்போது உங்கள் முன் நடந்து வருகிறார்!" இசை போட்டார்கள். இசை முடிந்தது. மறுபடி போட்டார்கள்.

தலைமையாசிரியர் கதவை மறுபடி தட்டக் கையைத் தூக்கினார். "விடுங்க சார், பிள்ள நிதானமா வரட்டும்" என்றார் விருந்தினர். இந்த விழாவில் ஓர் அதிகாரி சொன்ன பயனுள்ள வாக்கியம் இது ஒன்றுதான். அவர் நெற்றியில் வியர்வை இருந்தது.

தண்ணீர் ஊற்றும் சத்தம். தாழ் விலகியது. பிரம்மசக்தி வலது கையால் ஒரு சக்கரத்தையும் இடது முழங்கையால் மறு சக்கரத்தையும் உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் மூவரையும் பார்த்தாள். விருந்தினர் யாரென்று அவளுக்குத் தெரியும். பேனரில் படம் இருக்கிறது.

"தண்ணி ஊத்திட்டேன்" என்றாள் அவரிடம். "போலாம்."

"தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே விரைந்தார்.

வராந்தாவில் உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பா, வேறொன்றா என்று போய்ப் பார்க்கவில்லை. சில விஷயங்களில் நானும் வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

விருந்தினருக்கு அடுத்த ஊரில் இன்னொரு விழா. இரண்டு நிமிடம் பேசிவிட்டுக் கிளம்பினார். பத்து மீட்டர் நடை நேரமின்மையால் நடைபெறவில்லை. பூங்கொத்தை ஓர் ஆடு தின்றது.

டிசம்பர் 5, வியாழன்

குமரகுருவிடமிருந்து குறிப்பாணை. நிர்ணயித்த இலக்கு எட்டப்படாமைக்கும், நிகழ்ச்சி நேரத்தில் மாணவியை மேடைக்கு அனுப்பாமைக்கும் விளக்கம் தர வேண்டும். எழுதினேன்: 'மாணவி வேறு பணியில் இருந்தார்.'

செயலியில் 'நடக்கவில்லை' என்று பதிந்தேன். சிவப்பு எழுத்தில் வருத்தம் தெரிவித்தது.

மதுரைக்காரர்கள் போன் செய்தார்கள். மார்ச் வரை வர இயலாது என்றேன். மார்ச்சுக்குப் பிறகா என்றார்கள். பார்க்கலாம் என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இடுப்புப் பயிற்சி செய்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு. நேற்று உலகம்மாளுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாம். காலையில் பிரம்மசக்தியை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவர் அவள் அப்பா. தலையிலும் புருவத்திலும் கல்தூசி. வகுப்பு வாசலில் விட்டுவிட்டு, அந்தச் சிவப்புக் கயிற்றையும் சாவியையும் சற்று நேரம் பார்த்தார். மகளிடம் திரும்பினார்.

"சாய்ங்காலம் எத்தன மணிக்கு வரணும்?"

"நாலு... பத்துக்கு."

"நாளைக்கும் பரீட்ச உண்டா?"

"பள்ளிக்கூடமே... உண்டுப்பா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

தேர்வின் நடுவே அவள் கை தூக்குவது ஜன்னல் வழியே தெரிந்தது. கூடுதல் தாளுக்கு அல்ல. ஒரு பிள்ளை வாசல்வரை தள்ளிவிட்டு வந்தது. சற்று நேரத்தில் அவளே திரும்பி வந்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு, பேனாவை எடுத்தாள்.

திரும்பும்போது வராந்தா வழியாக வந்தேன். பலகைக்குக் கீழே யாரும் இல்லை. தரையில் கொஞ்சம் தூள் மட்டும் சிந்திக் கிடந்தது. அதையும் யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள். 'இது புகையிலை இல்லா வளாகம்.' இந்தப் பள்ளியில் உள்ள பலகைகளில் ஒன்று இன்று உண்மை பேசியது.